ஆறு மணிக்குத் திரும்பும் சாமான்கள்

ஓப்பநாயக்கவிலிருந்து மூன்று மைல் மேலேறினால் வரும் தோட்டத்தின் மேற்கணக்கு என்னும் மேல்பிரிவில், ராஜதுரையின் பட்டறையைச் சேர்ந்த சாமான் எதுவானாலும், யார் கையில் இருந்தாலும், மாலை ஆறு மணிக்குத் தன் இடத்துக்குத் தானாகவே திரும்பிவிடும். 2021 ஆவணியில் தொடங்கிய இந்த வழக்கம் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. அதற்கு முன்பு அவனுடைய சாமான்களும் ஊரார் சாமான்களைப் போலவே இரவல் போன வீட்டில் துருவேறிக் கிடந்தவைதான். தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரை மூடியபோது, அங்கே இருபத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்த ராஜதுரை தன் ஸ்பேனர்களையும் அரங்களையும் ஒரு சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீடு அவனுடையது. வீடு என்றால் ஒரு முன்காம்பரா, ஒரு பின்காம்பரா, ஒரு குசினி. முன்காம்பராவைப் பட்டறையாக்கிவிட்டு, மனைவி சீதாதேவியையும் மகள் கேஷானியையும் பின்காம்பராவுக்குத் தள்ளினான். யாரையும் கேட்டுச் செய்யவில்லை. புல் வெட்டும் மெசின், கொழுந்து வெட்டும் மெசின், மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கும் பம்பு என்று வேலை வந்துகொண்டே இருந்தது. அவன் வேலையில் குறை சொல்ல ஆளில்லை. குறையெல்லாம் ஆளிடம்தான்.

ஒழுங்கு என்பது அவனுக்கு ஒரு வெறி. ஸ்டோரில் பழைய காலத்திலிருந்து ஒரு பழக்கம் இருந்தது. எந்தச் சாமான் எங்கே தொங்க வேண்டுமோ அங்கே அதன் உருவத்தைச் சுற்றிக் கறுப்புப் பெயின்டால் கோடு போட்டிருப்பார்கள். சாமான் இல்லாவிட்டால் வெறும் கோடு பல்லிளிக்கும், எடுத்தவன் மாட்டிக்கொள்வான். ராஜதுரை அதையே வீட்டில் செய்தான். பெரிய பெரிய பலகைகளைச் சாய்த்து வைத்து, கொக்கி மாட்டி, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒவ்வொரு குறட்டுக்கும் கோடு போட்டான். தட்டுகளின் அடிப்பக்கத்தில் ஜாம் போத்தல் மூடிகளை ஆணியடித்துப் பொருத்தி, போத்தலைத் திருகினால் கையோடு வரும்படி செய்தான். நூற்றுப் பதினான்கு போத்தல். நட் ஒன்றில், வொஷர் ஒன்றில், ஸ்பிரிங் ஒன்றில். ஒவ்வொன்றின் மேலும் தாள் ஒட்டி, பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பியைப் போன்ற உருட்டையான எழுத்தில் சாமானின் பெயர், பக்கத்தில் ஒரு சிறு கோடு, அதன் பக்கத்தில் எண்ணிக்கை. வேலை முடிந்து பெயின்ட் காய்ந்த அன்று மாலை ஆறு மணிக்கு, ஒன்பது மாதமாகக் காணாமல் போயிருந்த சுத்தியல் ஒன்று திறந்த ஜன்னல் வழியாக வந்து தன் கோட்டுக்குள் தொங்கியது. ராஜதுரை ஆச்சரியப்படவில்லை. ஒழுங்காக வைத்தால் சாமானுக்கும் புத்தி வரும் என்று மட்டும் சொன்னான்.

லயத்து ஆட்களுக்கு அந்தப் புத்தி பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னம்மாவின் மருமகன் மதுசன், மழைக்கு முன்பு கூரைத் தகரத்தை அடித்துவிட வேண்டுமென்று அவசர அவசரமாக இரவல் சுத்தியலை ஓங்கியபோது மணி ஆறு. ஓங்கிய கை வெறுங்கையாக இறங்கி ஆணியில் பட்டது. நான்கு தையல். ஓப்பநாயக்கப் பக்கம் குழி வைத்திருந்த சிங்களவர் ஒருவர் பைப் ரென்ச் ஒன்றை இரவல் வாங்கிப் போயிருந்தார். பம்பைப் பிரித்துப் போட்டிருந்த நேரத்தில் ரென்ச் புறப்பட்டுப் போய்விட்டது. விடிவதற்குள் குழி நிரம்பி, ஒரு பக்கம் சரிந்தும் விட்டது. அவர் பொலிசுக்குப் போனார். சொந்தக்காரனின் சாமான் சொந்தக்காரனிடம் போயிருக்கிறது, இதில் களவு எங்கே என்று கேட்டு ஒரு என்ட்ரி மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு யாரும் அவனிடம் இரவல் கேட்கவில்லை. சின்னம்மா கறிவேப்பிலை கொடுப்பதையும் நிறுத்தினாள். பாஸ், பாஸ் என்று கூப்பிட்டு வந்த சிங்கள ஆட்கள் ரிப்பேர் மெசினை வாசலில் வைத்துவிட்டு, பேச்சைச் சுருக்கிக்கொண்டு போனார்கள். டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த புவாட், ஒரு தடவை எட்டு மில்லிமீட்டர் வொஷரோடு இரண்டு ஆறு மில்லிமீட்டரைக் கலந்து கொடுத்துவிட்டார் என்பதற்காக, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது ராஜதுரை அவரை வாய்க்கு வந்தபடி பேசினான். புவாட் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

இத்தனை பேர் கோபமும் வெளியே நின்ற கோபம். உள்ளே இருந்து அனுபவித்தவள் சீதாதேவி. காலையில் மலைக்குப் போய்ப் பதினெட்டுக் கிலோ கொழுந்து பறித்துக் கொடுத்துவிட்டு நாலரைக்கு வீடு வந்தால், குசினியில் பலகை ஒன்று முளைத்திருந்தது. கரண்டிக்குக் கோடு, தேங்காய் துருவிக்குக் கோடு, உப்பு டின்னுக்கு வட்டம். உப்பை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவளுடைய இருபத்தெட்டு வருடப் பழக்கம். ஆறு மணியானால் டின் கையை விட்டு நழுவி, அவளுக்கு எட்டாத மேல்தட்டில் போய் உட்காரும். ஒருநாள் அவள் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தபோது கரண்டி பருப்போடு எழும்பிப் போனது. சுவரெல்லாம் பருப்பு. அதைத் துடைக்கச் சொன்னானே தவிர, ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அவள் விறகுக்கட்டுக்குள் ஒரு சிரட்டை அகப்பையை ஒளித்து வைத்துக்கொண்டாள். அவன் கண்ணில் படாமல், கோடு விழாமல் அந்த வீட்டில் இருந்த ஒரே சாமான் அதுதான். கூட்டும்போது தவறி விழுந்த ஸ்பிரிங்குகளை வேறு போத்தலில் போட்டுவிட்டாள் என்பதற்காகப் பதினொரு நாள் அவளோடு பேசாமல் இருந்தான். உண்மையைச் சொன்னால் அந்தப் பதினொரு நாளும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

2023இல் மகள் கேஷானி, கலவானப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த விதுர்ஷன் என்பவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போகுமுன் அப்பாவிடம் சொல்லத்தான் வந்தாள். அவன் காபரேட்டர் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. அவள் வாசலில் கால்மணி நேரம் நின்றுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றான். ஆனால் ஒருநாள் வேலியோரம் நின்று, தனக்குப் பிடிக்காத சின்னம்மாவிடமே மனதைத் திறந்தான். ஸ்பேனருக்கெல்லாம் கோடு போட்டவன் பெற்ற பிள்ளைக்குக் கோடு போடாமல் விட்டுவிட்டேன், அதுதான் நான் செய்த பிழை என்றான். சின்னம்மா அதைக் கேட்டுக் காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். அவன் மகளை நினைத்து நொந்தான் என்பது உண்மைதான். அந்த நோவு அவனுக்கு என்ன யோசனையைக் கொடுத்தது என்பதும் அடுத்த வருடம் தெரிந்தது.

அடுத்த வருடம் சித்திரையில் கேஷானிக்கு ஏழு மாதம். விதுர்ஷனுக்குத் தாயில்லை, கலவானயில் வேறு சொந்தமும் இல்லை. பேறுகாலத்துக்கு நான் போய் இருக்க வேண்டும், இரண்டு மாதமாவது அவளோடு இருக்க வேண்டும் என்று சீதாதேவி சொன்னாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னாள். ராஜதுரை தலையை ஆட்டினான். அன்று அந்தி சாய்ந்த பிறகு, முன்காம்பராவிலிருந்த பெரிய கதவைத் திருப்ப வேண்டும், கொஞ்சம் வந்து பிடி என்று கூப்பிட்டான். கொழுந்து வாட்டும் மாடத்தில் இருந்த பழைய கதவு அது. ஸ்டோரைப் பிரித்தபோது எடுத்து வந்து, அதன் முன்பக்கத்தில்தான் ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் தன் மிக நல்ல சாமான்களையும் தொங்கவிட்டிருந்தான். அவள் கதவின் பின்பக்கத்தில் முதுகைக் கொடுத்து நின்று அழுத்திப் பிடித்தாள். அவன் தச்சுப் பென்சிலோடு அவளைச் சுற்றி வந்தான். தட்டு அடிக்க உயரம் பார்க்கிறான் என்று நினைத்தாள். காதோரத்தில் பென்சில் உரசியபோது கூசியது. கல்யாணமான புதிதில்கூட அவன் இவ்வளவு பக்கத்தில் வந்து இவ்வளவு நேரம் நின்றதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதை நினைத்துப் பிற்பாடு அவள் வெட்கப்பட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் புறப்பட்டாள். அவன் பெயின்ட் டின்னைத் திறந்தபடியே சொன்னான்:

"போய்ட்டு வா. யாரு ஒன்னயப் புடிச்சி வச்சிருக்கா?"

பெல்மதுளையில் ஒரு பஸ், இரத்தினபுரியில் ஒரு பஸ் மாறி, பகல் சாப்பாட்டு நேரத்துக்குக் கலவான போய்ச் சேர்ந்தாள். மகளின் தலைக்கு எண்ணெய் வைத்தாள், வீங்கிய காலைப் பிடித்துவிட்டாள். விதுர்ஷன் வேலை முடிந்து வந்ததும் மூன்று பேருமாக நேரத்தோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். பலாக்காய்க் கறியும் சோறும். முதல் கவளத்தை உருட்டியபோது மணி ஆறு. அடுத்த நொடி அவள் ஓப்பநாயக்கவில், முன்காம்பராவில், கதவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடைவெளியில் சிலந்திவலைக்குள் நின்றாள். கையில் மகள் வீட்டுத் தட்டு. கவளம் விரலில் ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தாள். கதவைப் பிடித்துத் திருப்பினாள். தன் கொண்டை, தன் தோள், சேலை விரிந்த வாக்கில் தன் கால், எல்லாம் கறுப்புக் கோட்டில் இருந்தன. தலைக்கு மேலே தாள் ஒட்டி உருட்டை எழுத்தில் எழுதியிருந்தது: சீதா - 1. ராஜதுரை ஒரு ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டாச்சா என்று கேட்டான்.

அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் மேல் கையிலிருந்ததை வீசினாள். தட்டு உடைந்தது. இதை அழித்துவிடுங்கள் என்றாள். அவன் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பழைய அரம் என்ன ஆனது என்று மட்டும் கேட்டான். அவளுக்கு ஞாபகம் இருந்தது. பல் தேய்ந்துபோன ஓர் அரம். இனி உதவாது என்று அவன் அதன் கோட்டின் மேல் வெள்ளைப் பெயின்ட் பூசியபோது, மேசையில் அவர்கள் கண்முன்னாலேயே கிடந்த அரம் இல்லாமல் போனது. கீழே விழவில்லை, எங்கேயும் போகவில்லை, இல்லாமல் போனது. அவ்வளவுதான். சீதாதேவி தரையில் கிடந்த சோற்றைப் பொறுக்கினாள். 

அடுத்த ஞாயிறு மறுபடியும் போனாள். இந்தத் தடவை ஐந்தே முக்காலுக்கே கேஷானி தன் சேலையால் அம்மாவின் இடுப்பைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். ஆறு மணிக்கு முடிச்சு மூன்றும் அப்படியே இருந்தன, உள்ளே அம்மா இல்லை. கேஷானி வெறும் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து விதுர்ஷன் ஆட்டோ பிடித்து மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ராஜதுரை அவனை வாசலிலேயே நிறுத்தினான். என் வீட்டுச் சாமான் என் வீட்டில் இருக்கிறது, உன் வீட்டுச் சாமானை நீ ஒழுங்காக வைத்துக்கொள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். பகலில் போய்ப் பகலில் வரலாம்தான். ஆனால் பிள்ளை வலி பகல் பார்த்தா வரும்? தலைப்பிரசவம். தான் கேஷானியைப் பெற்றபோது பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த பன்னிரண்டு மணி நேரத்தை சீதாதேவி யாரிடமும் சொன்னதில்லை, மறந்ததும் இல்லை. மகள் அப்படிக் கிடக்கக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் ஓடியது.

போகாத நாட்களிலும் விடுதலை இல்லை. குசினியில் இருந்தாலும் குளிக்கும் பீலிக்கரையில் இருந்தாலும், ஆறு மணிக்குக் கதவுக்குப் பின்னால் நின்றாள். பால் பொங்கி வழிந்தது. ஒருநாள் பாதிக் குளியலில், தலையில் சவர்க்கார நுரையோடு வந்து நின்றாள். ராஜதுரை ஒரு நாளும் தலையை நீட்டிப் பார்த்ததில்லை. ஸ்பேனர்கள் கணகணவென்று வந்து மாட்டும் சத்தம் கேட்கும், பின்பக்கத்தில் ஒரு மூச்சு கேட்கும். எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டு லைட்டை அணைப்பான். அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள்.

வைகாசியில் தோட்டத்திலிருந்து லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆட்கள் வந்தார்கள். முன்காம்பராக்களை இரண்டு நாளைக்குக் காலி செய்து கொடுக்க வேண்டுமென்று உத்தரவு. ஊரில் ஒருவருக்கும் பயப்படாத ராஜதுரை தோட்டத்து ஆபீசுக்குப் பயந்தான். லயத்துச் சுவர் தோட்டத்துச் சொத்து. ஆணி அடித்தாலும் கேள்வி, பெயின்ட் பூசினாலும் கேள்வி. சின்னம்மா வீட்டில் ஒரு தகரத் தாழ்வாரம் இறக்கியதற்கே வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்து, யூனியன் தலையிட்டுத்தான் அடங்கியது. அதனால்தான் அவன் ஒரு கோடுகூடச் சுவரில் போட்டதில்லை, எல்லாவற்றையும் பலகையில் போட்டான். பலகைகளையும் போத்தல்களையும் பின்காம்பராவுக்கு மாற்றினான். கதவு மட்டும் உள்ளே போகாது. அதை வெளியே இழுத்து வந்து, மழையில் சாமான்கள் நனையாதபடி முன்பக்கத்துக்குப் பொலித்தீன் கட்டி, அந்தப் பக்கத்தைச் சுவரோடு சாய்த்தான். பின்பக்கம் லயத்தைப் பார்த்து நின்றது. சீதாதேவியின் உருவமும் தலைக்கு மேலிருந்த தாளும் போவோர் வருவோருக்கெல்லாம் காட்சியாகின. அன்று ஆறு மணிக்கு, கொட்டுகிற மழையில், லயமே இஸ்தோப்புத் திண்ணைகளில் நின்று பார்க்க, அவள் கையில் அரிசிச் சுளகோடு அந்தக் கோட்டுக்குள் வந்து நின்றாள்.

சின்னம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சீதாதேவிக்கு உடம்பெல்லாம் கூசியது, அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்றிருந்தது. ஆனால் நனைந்துகொண்டு நின்ற அந்த ஒரு நிமிடத்தில் ஒன்றைக் கவனித்தாள். அவள் வீட்டுக்குள் போகவில்லை. முன்காம்பராவுக்குப் போகவில்லை. கதவு எங்கே இருந்ததோ அங்கே வந்திருந்தாள். சுளகைச் சின்னம்மாவிடம் கொடுத்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு கதவின் விளிம்பில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். பாரம்தான். நான்கு பேர் இருந்தால் தூக்கலாம்.

இரண்டு நாள் கழித்து, கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு டவுனுக்கு இறங்கிப் புவாட்டின் கடைக்குப் போனாள். புவாட்டின் லொறி வாரத்தில் ஒருநாள் சீமெந்தும் தகரமும் ஏற்றிக்கொண்டு நிவித்திகல வழியாகக் கலவான போகும் என்பது ஊரறிந்த விஷயம். விஷயத்தை அவள் ஆதியோடந்தமாகச் சொன்னாள். தன்னை அவமானப்படுத்தியவனின் வீட்டுக் காரியம் என்பதால் இவர் கைகொடுப்பாரோ மாட்டாரோ என்று அவளுக்கு உள்ளூர உதறல். புவாட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

"கதவு ஒண்டுதானே அக்கா. புதன்கெழம ஏத்துவம்."

புதன்கிழமை ராஜதுரைக்குக் குழியொன்றில் வேலை. கதவிலிருந்து எட்டு ஸ்பேனரையும் பைப் ரென்ச்சையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டான். மத்தியானம் லொறி லயத்தடிக்கு வந்தது. சின்னம்மாவும், மலையிலிருந்து கூடையோடு இறங்கி வந்த இரண்டு பெண்களும், தையல் தழும்பு விழுந்த கையோடு மதுசனுமாகக் கதவைத் தூக்கினார்கள். அதில் தொங்கிய மற்றச் சாமான்களைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்று சீதாதேவிதான் சொன்னாள். எவனுடைய சாமானையும் அவள் எடுத்ததில்லை. ஆனால் கழற்றி என்ன, ஆறு மணிக்குத் தாமாக வரப்போகின்றவைதானே என்று சின்னம்மா கேட்டாள். அது நியாயமாகப் பட்டது. விறகுக்கட்டுக்குள் கைவிட்டு அகப்பையை எடுத்துச் சேலைத் துணிகளோடு வைத்துக்கொண்டாள். அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை.

பெல்மதுளையில் டயர் ஒன்று காற்றுப் போய் இரண்டு மணி நேரம் வீணானது. நிவித்திகல தாண்டும்போது ஆறு மணியாகிவிட்டது. முன்சீட்டில் புவாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்கு என்ன கஷாயம் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்த சீதாதேவி, பேச்சின் நடுவில் இல்லாமல் போனாள். பின்னால் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே, கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளைத் தொடர்ந்து குழியிலிருந்து எட்டு ஸ்பேனரும், ஆகாயத்தில் ஈசல் கூட்டம் போல வந்து, லொறியின் வேகத்துக்குக் கொஞ்சம் தடுமாறி, ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டன. பைப் ரென்ச் பாரம் என்பதால் கடைசியாக வந்தது. புவாட் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். லொறியைக் கொஞ்சம் மெதுவாக்கினார், தலையை வெளியே நீட்டி, பின்னால் காற்று கூடவா, நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம், போங்கள் என்று அவள் கத்தினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியாகச் சிரித்தது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

ராஜதுரை அன்று ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தான். லைட் எரியவில்லை, அடுப்புப் பற்றவில்லை, கதவு நின்ற இடத்தில் புதுச் சுண்ணாம்புச் சுவர் வெள்ளையாக இருந்தது. போத்தல்கள் நூற்றுப் பதினான்கும் பத்திரமாகத் தொங்கின. ஒரு நட்டைக் கழற்ற ஒரு ஸ்பேனர் இல்லை. சின்னம்மா வீட்டுக்குப் போய்க் கேட்டான். எங்களுக்குத் தெரியாது, எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருப்பீர்களே, நன்றாகத் தேடிப் பாருங்கள் என்றாள். அவன் இரண்டு வீடு தள்ளிப் போனான். அங்கேயும் அதே பதில். லயத்தில் அவனுடையதைத் தவிரப் பதினாறு வீடு. பதினாறிலும் ஒரே பதில் கிடைத்தது.

கலவானயில் கதவை முன்னறைச் சுவரோடு சாய்த்து வைத்தார்கள். ஒன்பது நாள் கழித்து, விடியற்காலையில் கேஷானிக்கு வலி எடுத்தது. சீதாதேவி பக்கத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரி வாசல் வரை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், உள்ளே விட்ட நேரமெல்லாம் உள்ளே இருந்தாள். பெண் குழந்தை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அன்று மாலை ஆறு மணிக்கு அவள் கட்டிலருகிலிருந்து கதவடிக்குப் போனாள், ஆறேகாலுக்கு நடந்தே திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அவ்வளவு தூரம்தான். மூன்று நாளும் இப்படி நடந்தது. வார்டில் இருந்தவர்கள் முதல் நாள் திகைத்தார்கள், இரண்டாம் நாள் அவள் திரும்பி வரும் வழியில் தங்களுக்கும் தேத்தண்ணி வாங்கி வரச் சொன்னார்கள்.

நாற்பது நாள் கழித்து ராஜதுரை வந்தான். பேத்தியைப் பார்க்கவில்லை. சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போனான். இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் ஆறு மணிக்குச் சாக்கு தொளதொளவென்று மடங்கியது. அடுத்த கிழமை கதவையே கொண்டுபோகலாமென்று வந்தான். பஸ்ஸில் கதவை ஏற்ற மாட்டார்கள். லொறிக்குக் கேட்டுப் போன இடத்திலெல்லாம் அவன் யாரென்பது அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. குழிக்காரரின் மச்சான் ஒருவர், புவாட்டின் கூட்டாளி ஒருவர், எல்லோரும் லொறி ரிப்பேர் என்றார்கள். ரிப்பேர் பார்க்கக் கையில் ஸ்பேனரில்லாத ராஜதுரை அவர்கள் முன்னால் நின்று கேட்டுக்கொண்டு திரும்பினான். மூன்றாம் தடவை சாக்கில்லாமல், ஒரு குடையோடு மட்டும் வந்தான். கதவின் முன்னால் வெகுநேரம் நின்று, தத்தம் கோட்டுக்குள் பளபளவென்று தொங்கிய தன் சாமான்களைப் பார்த்தான். அவன் இளைத்திருந்தான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அதைப் பார்த்து சீதாதேவிக்குக் கொஞ்சம் மனது இளகியது, இளகியதற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

"அப்ப என்னயும் சுத்திக் கோடு கீறு," என்றான்.

அவள் பிள்ளையைக் கேஷானியின் கையில் கொடுத்தாள். கதவைத் திருப்பினாள். தன் உருவத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. அங்கே அவனை நிறுத்தி, தச்சுப் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"கீறுறேன். ஆனா ஒன்னு கேட்டுக்குங்க. கீறிட்டா நீங்க ஓப்பநாயக்க போனாலும் வேற எங்க போனாலும், ஆறு மணிக்கு இந்தக் கதவடிலதான் வந்து நிக்கணும். எனக்கு நீங்க இதச் சொல்லல. நான் உங்களுக்குச் சொல்றேன்."

அவன் முதுகைக் கதவோடு ஒட்டினான். அவள் அவனுடைய இடது காதில் தொடங்கினாள். காதைச் சுற்றி, கழுத்தில் இறங்கி, தோள் வரைக்கும் பென்சில் வந்தது. தோளில் அவன் உடம்பு விறைத்தது. கொஞ்சம் பொறு என்றான். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு பொறுத்தாள். அவன் கதவை விட்டு விலகி, வாசலில் சாய்த்து வைத்திருந்த குடையைத் தேடி எடுத்தான். நாலரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். கேஷானி பிள்ளையோடு வாசற்படியில் நின்றாள். அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனான்.

இப்போது ராஜதுரை மேற்கணக்கில்தான் இருக்கிறான். தினமும் ஆறு மணிக்கு அவனுடைய இடது காதும் கழுத்தும் தோளும் கலவானப் பக்கமாக இழுபட்டுச் சாய்கின்றன. கால்மணி நேரத்தில் நிமிர்ந்துவிடுகிறான். உடம்புக்கு வேறொரு குறையும் இல்லை. லயத்தில் பெண்கள் அவன் சாய்வதைப் பார்த்துப் பிள்ளைகளை விளையாட்டிலிருந்து உள்ளே கூப்பிடுகிறார்கள். கலவானயில் சீதாதேவியிடம் அக்கம்பக்கத்தார் சுத்தியலும் ரென்ச்சும் வாங்கிப் போகிறார்கள். ஐந்தரைக்குள் வேலையை முடித்துவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறாள், அவர்களும் முடித்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் கதவை ஈரத்துணியால் துடைக்கும்போது அந்தப் பாதிக் கோட்டை மட்டும் தொடாமல் சுற்றித் துடைக்கிறாள். பென்சில் கோடுதான், அழுத்தித் துடைத்தால் போய்விடும். அந்த அரமும் அப்படித்தான் போனது. ஒன்று அதை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழித்துவிடுங்கள், ஏன் அந்த மனிதரை இப்படித் தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று கேஷானி ஒருநாள் கேட்டாள்.

"அவசரம் என்னா?" என்றாள் சீதாதேவி. மணியைப் பார்த்தாள். ஆறாக இரண்டு நிமிடம். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, கதவடிக்குத் தானே நடந்து போய் நின்றாள்.